"ஸ்பிரிங்கை மட்டும் வீட்ல தொடாத பாப்பா!" - அப்பாவும் நானும் கார் ஷாக் அப்சார்பர் மாற்றினோம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். வேகத்தடையில் ஏறும்போது ஒன்றும் கேட்காது. இறங்கும்போது முன்பக்கத்தில் ஒரு 'டொக்'. முதல் மாதம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துச் சமாளிப்போம். இரண்டாவது மாதம் 'டொக்' என்பது 'டொக் டொக்' ஆகும். சர்வீஸுக்கு விடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவோம். எங்கள் வீட்டில் தள்ளிப் போட முடியாமல் போனதற்குக் காரணம் அம்மாவின் முதுகு.

இந்த வருடத் தொடக்கத்தில் அம்மாவுக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு 3 நாள் பிசியோதெரபி. திண்டுக்கல் - நத்தம் சாலையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல்லுக்கு 14 கிலோமீட்டர். வழியில் 11 வேகத்தடைகள். நானே எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 20 அடி முன்னாலேயே அம்மா ஒரு கையை டாஷ்போர்டில் ஊன்றி, இன்னொரு கையால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தலையணையை இழுத்துப் பிடித்துக்கொள்வார். "குலுக்கல் இல்லாம கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் 2011 மாடல் ஆல்ட்டோ 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒருநாள் வீடு திரும்பி இறங்கும்போது அம்மா சொன்னார்: "இதுக்கு பஸ்ஸே பரவால்ல போலருக்கு."

அரசு பஸ் டிப்போவில் 31 வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர் அப்பா. பஸ்ஸைப் புகழ்ந்ததற்கு அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

வேகத்தடை பற்றி ஒரு வார்த்தை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதற்கென்று அளவே கொடுத்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 3.7 மீட்டர் என்றால் ஒரு சின்ன காரே முழுசாக ஏறி நிற்கும் அளவுக்கு அகலம். எங்கள் தெருமுனையில் இருப்பதை டேப் வைத்து அளந்தேன். அகலம் 60 சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குப் பெயர் வேகத்தடை இல்லை, திண்ணை. இதை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும் என்பதால் காருக்கே வருகிறேன்.

ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் ரூ.11,400. ஷாக் அப்சார்பர் இரண்டு, அதன் மேல் மவுன்ட் இரண்டு, லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க், லேபர் எல்லாம் சேர்த்து. மருந்துச் செலவுக்கு நடுவே அது பெரிய தொகை. அப்பா அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "லோயர் ஆர்ம் எதுக்குப் போட்டிருக்கான்? அது நல்லாத்தான இருக்கு" என்றார். பிறகு தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிரச்னை அங்கேதான். 2 வருடத்துக்கு முன்பு அவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நடப்பார், நிற்பார், வண்டி ஓட்டுவார். தரையில் குத்தவைத்து உட்கார முடியாது. காரின் முன் சக்கரத்தைக் கழற்றி அதன் உள்ளே கை விட வேண்டும் என்றால் குத்தவைக்காமல் முடியாது.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். ஜர்னலிசம் டிப்ளமா படித்தவள். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டது படிப்பில் இல்லை, பள்ளிக்கூட லீவு நாள்களில் அப்பாவின் டி.வி.எஸ் 50-க்குப் பக்கத்தில். 4 நாள் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். "நீங்க சேர்ல உக்காந்து சொல்லுங்கப்பா, நான் கழட்டுறேன்" என்றேன். "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு 'சரி' என்று அர்த்தம்.

ஷாக் என்ன செய்கிறது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்பிரிங் விரிகிறது, மேட்டில் ஏறினால் சுருங்குகிறது. ஆனால் ஸ்பிரிங்குக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு தடவை அமுக்கி விட்டால் தானாக ஆடி ஓயும்வரை மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதிப்பை அடக்குகிற வேலைதான் ஷாக் அப்சார்பருக்கு. ஒரு குழாய்க்குள் எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் மிகச் சின்ன வழிகள். எண்ணெய் அந்த வழிகளில் நெருக்கிப் புகுந்து போக வேண்டியிருப்பதால் ஆட்டம் தடைபடுகிறது. குதிக்கிற சக்தி சூடாக மாறிப் போய்விடுகிறது. மோசமான ரோட்டில் ஓட்டி வந்து ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அப்பா சின்ன வயதில் என்னைத் தொட வைத்திருக்கிறார்.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும், ஷாக் தனியாகப் பக்கத்தில் இருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களின் முன்பக்கத்தில் அப்படி இல்லை. சுருள் ஸ்பிரிங்குக்கு நடுவே ஷாக் நிற்கும், இரண்டும் சேர்ந்து ஒரே தூணாக இருக்கும். இதற்கு மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1940-களில் வடிவமைத்தது. இடம் குறைவு, பாகங்கள் குறைவு, விலை குறைவு என்பதால் உலகம் முழுக்கச் சின்ன கார்கள் இதைப் பிடித்துக்கொண்டன. இந்த வசதியில்தான் வில்லங்கமும் இருக்கிறது. ஷாக்கை மாற்ற வேண்டுமென்றால் அதைச் சுற்றி அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கைப் பிரித்தாக வேண்டும்.

முதலில் ஷாக்தான் குற்றவாளியா என்று பார்க்க வேண்டுமே. அப்பா காரின் முன் மூலையில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தி, சட்டென்று எடுத்தார். நல்ல ஷாக் என்றால் வண்டி ஒரு தடவை எழுந்து அப்படியே நிற்கும். எங்களுடையது மூன்று தடவை தலையாட்டியது. "இத மட்டும் நம்பிறாத" என்றார். லேசாகத் தளர்ந்த ஷாக் இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். அடுத்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். வலது பக்கக் குழாயில் மேலிருந்து கீழ்வரை எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பி, கருப்புக் களிம்பு பூசியதுபோல இருந்தது. லேசான ஈரக்கசிவு என்றால் விட்டுவிடலாம், இந்த அளவுக்கு வழிந்தால் உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது. மூன்றாவதாக டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவச் சொன்னார். கையில் சின்னச் சின்ன அலை தட்டுப்பட்டது. சக்கரம் ரோட்டில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடினால் டயர் இப்படி அங்கங்கே குழிவிழுந்து தேயும்.

இந்த மூன்றாவது விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. குலுக்கல் என்பது வெறும் வசதிக் குறைவு என்று நினைத்திருந்தேன். சக்கரம் ரோட்டை விட்டு எழும்புகிற ஒவ்வொரு கணமும் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பிடிமானம் இல்லாத கணம். அந்த வண்டியில்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறோம்.

அதோடு விடவில்லை. ஜாக்கியில் தூக்கி, லோயர் ஆர்மை லீவர் வைத்து நெம்பிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. பால் ஜாயின்ட், புஷ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டச் சொன்னார். 'டொக்' சத்தம் இவற்றில் எதிலிருந்தும் வரலாம். "சத்தம் கேட்டதும் ஷாக்கை மாத்துறவன் மெக்கானிக் இல்ல, கடைக்காரன்" என்று நின்றபடியே சொன்னபோது அவர் குரலில் பழைய டிப்போ மிடுக்கு வந்திருந்தது.

ஆன்லைனில் வந்த பார்சல்

உதிரி பாகங்கள் திண்டுக்கல்லில் வாங்கினோம். ஒரு பக்கம்தான் ஒழுகுகிறது என்றாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்று புதுசும் ஒன்று பழசுமாக இருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இடது, வலது என்று தனித்தனியாக வருகிறது, பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கூடவே மேல் மவுன்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை, தூசு மூடி. இவையெல்லாம் சில நூறு ரூபாய்ச் சாமான்கள். அடுத்த வருடம் இவற்றில் ஒன்று போனால் மறுபடியும் முழுசாகக் கழற்ற வேண்டும். அதனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

சண்டை வந்தது வேறு பொருளுக்கு. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் ஆன்லைனில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு செட் அனுப்பியிருந்தான். நீளமான இரண்டு திருகுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கொக்கிகள். ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் கொக்கிகளை மாட்டி, மாற்றி மாற்றித் திருகினால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கியதும் மேலே இருக்கும் நடு நட்டைக் கழற்றி ஷாக்கை உருவிவிடலாம். "வீடியோல எல்லாரும் வீட்லயேதான்பா பண்றாங்க" என்று போனில் சொன்னான்.

அப்பா அந்தக் கொக்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஸ்பிரிங்கை மட்டும் வீட்ல தொடாத பாப்பா. மத்த எல்லாம் பண்ணலாம்."

காரணம் கேட்டேன். முக்கால் டன் எடையுள்ள வண்டி. இன்ஜின் முன்னால் இருப்பதால் பாதிக்கு மேல் எடை முன் சக்கரங்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்குகிற ஸ்பிரிங் அது. வண்டியிலிருந்து கழற்றி எடுத்த பிறகும் அந்தத் தூணுக்குள் அமுங்கியேதான் நிற்கும், அதை நாம் இன்னும் அமுக்குகிறோம். கொக்கி ஒரு பக்கம் வழுக்கினால் என்ன ஆகும்? அதற்கு மேல் அப்பா கணக்குச் சொல்லவில்லை. அவருடன் டிப்போவில் வேலை பார்த்த ஒருவர், லீவு நாளில் வெளியே கார் வேலைக்குப் போவாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங் தெறித்துத் தாடை உடைந்தது. 'அப்புறம் ஆறு மாசம் கஞ்சி' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த மாமாவை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் பேச்சு ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நான் கேட்டு, அம்மா என் தொடையில் கிள்ளியிருக்கிறார்.

அன்று ராத்திரி அந்த வீடியோக்களை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். வீடியோ வெட்டி ஒட்டுவது என் தினசரி வேலை என்பதால் வேறு கண்ணோடு பார்க்க முடிந்தது. சக்கரம் கழற்றுவதை நிதானமாகக் காட்டுகிறார்கள். போல்ட்டை நெருக்கமாகக் காட்டுகிறார்கள். ஸ்பிரிங் அமுக்குகிற இடம் வந்ததும் பாட்டு வருகிறது, படம் வேகமாக ஓடுகிறது, சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். மெதுவாக நடக்கிற எதையும் நாங்கள் வெட்டிவிடுவோம். இங்கே மெதுவாக நடப்பதுதான் ஆளைக் கொல்லக்கூடிய பகுதி.

கடைசியில் ஏற்பாடு இப்படி ஆனது. கழற்றுவது வீட்டில். கழற்றிய இரண்டு தூண்களையும் முழுசாகவே திண்டுக்கல் ரோட்டில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்கு எடுத்துப் போவது. அங்கே அமுக்கு மெஷின் இருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி வீட்டில் மாட்டுவது.

சிவப்பு நெயில் பாலிஷ்

சனிக்கிழமை ராத்திரியே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தோம். ஞாயிறு காலை 6.30 மணிக்கு ஆரம்பம். வாசலில் சிமென்ட் தரை. மண் தரையில் ஜாக்கி நிற்காது, அமிழ்ந்துவிடும். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் இளக்கிவிட்டுப் பிறகுதான் தூக்கினேன். தூக்கியதும் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட். அந்த ஸ்டாண்டுகளையும் பட்டறையிலிருந்து முந்தின நாளே இரவல் வாங்கி வந்திருந்தோம். வண்டியோடு வருகிற ஜாக்கி, பஞ்சரான சக்கரத்தை மாற்ற மட்டும்தான். அதை நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடக்கூடாது. கழற்றிய சக்கரத்தைக்கூட அப்பா வண்டிக்கு அடியில் படுக்கப் போடச் சொன்னார். ஸ்டாண்டும் சரிந்தால் வண்டி அதன் மேல் உட்காருமாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அம்மா வாசல் தூணில் சாய்ந்து நின்று, யாரும் வண்டிப் பக்கம் போகாமல் காவல் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நாங்கள் ஞாபகப்படுத்தினோம். காதில் வாங்கவில்லை.

அப்பா பானெட்டைத் திறந்து, என் நெயில் பாலிஷைக் கேட்டார். சிவப்பு. பானெட்டுக்கு உள்ளே, ஸ்ட்ரட்டின் தலை தெரிகிற இடத்தில், நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கிறது. சுற்றிலும் சின்ன நட்டுகள். நடு நட்டின் மேல் சிவப்பைக் கொட்டிப் பூசினார். "சுத்தி இருக்கறத கழட்டு. இந்தச் சிவப்பைத் தொட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன்." அந்த நடு நட்டுதான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. 'மேலேயே இருக்கிறதே, இதைக் கழற்றினால் வேலை முடியுமே' என்று தோன்றும் இடத்தில் அது இருப்பதுதான் ஆபத்து. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இந்த நட்டைப் பற்றியதாக இருக்கட்டும்.

வேலை ஆரம்பித்த பிறகு கவனித்தேன், அது உயரத்தை வைத்துத் தானாகவே பிரிந்துவிட்டது. பானெட்டுக்குள் செய்ய வேண்டியதெல்லாம் நின்றபடி செய்யலாம், அது அப்பாவுக்கு. சக்கரத்துக்குள் செய்ய வேண்டியது தரையோடு தரையாக, அது எனக்கு. சேர் போட்டு வைத்திருந்தேன். அவர் அதில் உட்காரவே இல்லை.

பிரேக் ஹோஸ் ஸ்ட்ரட்டோடு ஒரு கிளிப்பில் மாட்டியிருந்தது. அதை முதலில் விடுவித்தேன். கீழே ஸ்ட்ரட்டையும் சக்கரம் மாட்டுகிற நக்கிளையும் சேர்ப்பவை இரண்டு தடித்த போல்ட்கள். கழற்றும் முன், போல்ட் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்று வெள்ளை ஒயிட்னரில் கோடு போடச் சொன்னார். அதே இடத்தில் மாட்டினால் சக்கரத்தின் சாய்வு அதிகம் மாறாது. மேல் போல்ட் இளகியது. கீழ் போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் பைப் சொருகி, காலை டயர் மேல் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தபோது 'கிரீச்' என்று ஒரு சத்தம். போல்ட் உடைந்ததோ என்று நெஞ்சு நின்றுவிட்டது. "இளகிருச்சு, இளகிருச்சு" என்று மேலிருந்து குரல் வந்தது. கண்ணால் பார்க்காமலே, சத்தத்தை வைத்தே சொல்கிறார்.

போல்ட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அப்படியே தொங்கவிட்டால் டிரைவ் ஷாஃப்ட் உருவிக்கொள்ளலாம், பிரேக் ஹோஸ் இழுபடும். அம்மாவிடம் துணி காயப்போடுகிற கொடிக்கயிறு வாங்கி இழுத்துக் கட்டினேன். பிறகு நான் கீழே ஸ்ட்ரட்டை இரண்டு கையாலும் தாங்கிக்கொள்ள, மேலே அப்பா கடைசிச் சின்ன நட்டைக் கழற்றினார். "விடவா?" "விடுங்க." முழு எடையும் என் கைக்கு வந்தது. நிறைந்த குடத்தை இடுப்பிலிருந்து இறக்குவதுபோல வெளியே எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றே கால் மணி நேரம். இரண்டாவது பக்கம் 40 நிமிஷத்தில் முடிந்தது.

இரண்டு தூண்களையும் சாக்கில் கட்டி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கே அந்த மெஷின் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. முன்னால் கம்பிக்கூண்டு. ஸ்பிரிங்கை உள்ளே வைத்துக் கூண்டைச் சாத்திவிட்டு, ஹைட்ராலிக் பம்ப்பை மிதித்தால் ஒரே சீராக அமுங்குகிறது. பட்டறைக்காரர், "அண்ணே, நீங்க மிதிக்கிறீங்களா?" என்று மரியாதைக்குக் கேட்டார். அப்பா ஒரு நொடி அந்தப் பெடலைப் பார்த்தார். பிறகு, "நீ பண்ணுப்பா, பாப்பா பாக்கட்டும்" என்று ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கை முழங்காலில் இருந்தது.

சிவப்பு நட்டு அங்கேதான் கழன்றது. பம்ப் ஸ்டாப் ரப்பர் பழைய மைசூர்பாகுபோல உதிர்ந்து கொட்டியது. பழைய ஷாக்கின் தண்டை என் கையாலேயே உள்ளே அழுத்திப் பார்த்தேன். எதிர்ப்பே இல்லை, போனது போனபடியே கிடந்தது. புதுசு கேஸ் நிரப்பியது. அழுத்தவே பலம் வேண்டியிருந்தது, விட்டதும் மெதுவாகத் தானாக எழுந்து வந்தது. மாட்டும் முன் நேராக நிறுத்தி நாலைந்து தடவை அமுக்கி இழுத்து, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். பளபளக்கிற தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவே கூடாதாம். ஒரு கீறல் விழுந்தால் அது சீலை அறுத்து, ஆறே மாதத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும். ஸ்பிரிங்கின் கீழ் முனை அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு ரூ.200 கூலி.

மாட்டும் கதை சின்னது. கழற்றியதைப் பின்னாலிருந்து செய்தால் போதும். மேலே சின்ன நட்டுகளைப் பாதி மாட்டி, நக்கிளை ஜாக்கியால் கொஞ்சம் உயர்த்தினால் போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வந்துவிடும். ஒயிட்னர் கோட்டுக்குக் கோடு பொருத்தி இறுக்கினேன். பட்டறைக்காரர் டார்க் ரெஞ்ச் கொடுத்து அனுப்பியிருந்தார், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளவு காட்டும் ஸ்பேனர். "எனக்குக் கையே சொல்லிரும்" என்று அப்பா முனகினார். கடைசியில், என் கைக்கு இன்னும் பேச வராது என்பதால் அதையே பயன்படுத்த அனுமதித்தார். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கும்போது மணி 2.

மறுநாள் காலை முதல் வேலையாக வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் இதைத் தள்ளிப் போடக்கூடாது, புது டயராக இருந்தாலும் தின்றுவிடும். பாகங்கள், பட்டறைக் கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ரூ.6,150. அண்ணனின் கம்ப்ரஸர் பிரிக்காத மாதிரி மடித்துத் திருப்பி அனுப்பப்பட்டது.

திங்கள்கிழமை பிசியோதெரபிக்கு நான்தான் ஓட்டினேன். அப்பா பின் சீட். முதல் வேகத்தடை, நம் திண்ணை. அம்மா வழக்கம்போல டாஷ்போர்டில் கை ஊன்றினார். வண்டி ஏறி இறங்கியது. ஒரே ஓர் அசைவு, அவ்வளவுதான். சத்தம் இல்லை. யாரும் எதுவும் பேசவில்லை. ஏழாவது வேகத்தடைக்கு அம்மா கையை ஊன்ற மறந்துவிட்டார். திண்டுக்கல் வந்து இறங்கும்போது அப்பா, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

"சத்தம் போச்சு. குலுக்கல் பாதி போச்சு. மீதிப் பாதிய ரோடு போட்டவங்கிட்ட கேளுங்க."

அன்று ராத்திரி அப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்குள் நான் சென்னை திரும்பிவிட்டேன். போகும் முன் ஒவ்வொரு நட்டின் மேலும், அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரே கோடாக இழுத்து வைத்திருந்தோம். நட்டு இளகினால் கோடு உடைந்து தெரியும். குனிய வேண்டியதில்லை, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, செல்போனை சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிப் படம் எடுத்தால் போதும். சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் 4 படங்கள் வந்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு உடையவில்லை. ஐந்தாவதாக ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பின்னாடி ஷாக்குல லேசா கசிவு தெரியுது பாப்பா. அவசரமில்ல. பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு?"